விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம். அவ்வளவுதான் அந்தக் கண்ணாடித் துண்டு. நடுவில் குறுக்காக உடைந்திருக்கிறது. இரண்டு முனைகளிலும் காய்ந்த சிமெண்ட் பொருக்காகப் பிடித்திருக்கிறது. ஒரு மூலையில் கண்ணாடி வெட்டும் வைரத்தால் கீறிய தேதி. அதில் வரும் ஏழுக்கு நடுவே சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. இதே தேதியோடு, இதே ஏழோடு, உடைந்த துண்டுகள் இன்னும் இரண்டு உண்டு. மூன்றையும் இருபது வருஷமாக ஒரு பிஸ்கட் டப்பாவில், வெல்வெட் துணி சுற்றி வைத்திருந்தேன். முதல் துண்டில் இருக்கும் எழுத்து ஓவர்சியருடையது. மற்ற இரண்டிலும் இருப்பது என்னுடையது.

நொய்யல் மேல் உள்ள பழைய பாலத்தின் கிழக்கு முனையில் என் படக்கடை இருக்கிறது. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம் எல்லாவற்றுக்கும் ஃப்ரேம் போட்டுக் கொடுப்பேன். கடையின் பின்கதவைத் திறந்தால் பதினோரு படி இறங்கி ஆற்றங்கரை. அங்கே நின்றால் பாலத்தின் முதல் தூண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கடை என் பெயருக்கு வந்த புதிதில்தான் பாலத்தைக் கவனிக்கும் ஓவர்சியர் தன் டி.வி.எஸ். ஐம்பது வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கழிவுக் கண்ணாடியில் ஒரு பட்டை வெட்டித் தரச் சொன்னார். அன்னூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பாலத்துக்கடியில் சுத்தியலால் தூணைத் தட்டும்போது உதட்டுக்குள் ஒகட்டி, ரெண்டு என்று எண்ணுவார். எண்ணி முடித்துவிட்டுக் காதைக் கல்லோடு ஒட்டிக் கொஞ்ச நேரம் நிற்பார். சாக்கடை நாற்றமும் ஆகாயத்தாமரையும் கொசுவும் அவருக்குப் பொருட்டே இல்லை. கல்யாண வீட்டில் பெரியவர்களிடம் நலம் விசாரிக்கிற முகம் அப்போது அவருக்கு வந்துவிடும்.

வெட்டிய பட்டையில் தேதியை அவரே கீறினார். என் வைரத்தைப் பேனா மாதிரி பிடித்தார். பிறகு படியிறங்கி, முதல் தூணில் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே அதை வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பினார். விரிசல் ஒரு நூல் அசைந்தால் போதும், கண்ணாடி உடைந்துவிடும் என்றார். அலுவலகத்தில் தினமும் வந்து பார்க்க ஆள் இல்லை, அவரால் மாதத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். அதனால் என்னிடம் கேட்டார். கேட்பதற்கு முன், மறைக்காமல் அடுத்ததையும் சொல்லிவிட்டார். கண்ணாடி உடைந்தால் லாரி, பஸ் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பிறகு அகலமான புதுப் பாலம்தான். எங்கள் வரிசையில் ஏழு கடைகள் போகும். அளந்தவர்கள் பூசிய சிவப்புக் குறி அப்போதே என் கடைச் சுவரில் இருந்தது.

"உங்களுக்கு நட்டந்தானுங்க, தெரியுது. இருந்தாலும் உடைஞ்சா ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அது போதுமுங்க."

சொல்கிறேனுங்க என்றேன். நம் பக்கத்தில் கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. அந்த மரியாதையைத்தான் அவர் வாக்கு என்று எடுத்துக்கொண்டார். தவறு அவருடையது அல்ல.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் ஆறு செம்மண் நிறத்தில் தூணை முட்டிக்கொண்டு ஓடியது. நாலாம் நாள் காலையில் தண்ணீர் வடிந்ததும் படியிறங்கிப் பார்த்தேன். கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது. ஒரு தலைமயிர் அகலம்கூட இருக்காது அந்த இடைவெளி. மேலே சிமெண்ட் லாரி ஒன்று போனது, என் உள்ளங்கால் வரை அதிர்ந்தது. மேலே வந்து அதே கழிவிலிருந்து அதே அளவில் ஒரு பட்டை வெட்டினேன். அதே தேதியைக் கீறினேன். ஏழுக்கு நடுவே கோடு போட மறக்கவில்லை. உடைந்ததை உளியால் பெயர்த்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். சிமெண்ட் புதுசாகத் தெரியாமல் இருக்க ஆற்றுச் சேற்றை எடுத்துத் தடவினேன். கண்ணாடி வெட்டுகிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. அது அவ்வளவு சுலபமாக முடிந்ததுதான் இன்றைக்கும் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

ஒரு பைத்தியக்காரத்தனமும் செய்தேன். எந்தப் படத்துக்கு ஃப்ரேம் போட்டாலும் அதன் முதுகில் தேதிச் சீட்டு ஒட்டுவது எங்கள் தொழில் பழக்கம். பெயர்த்து எடுத்த துண்டின் பின்னாலும் அன்றைய தேதியை எழுதி ஒட்டினேன். கை தானாக ஒட்டியது. அடுத்த வருஷம் ஒன்று உடைந்தது, அதற்கடுத்த வருஷம் ஒன்று. இரண்டின் முதுகிலும் சீட்டு ஒட்டினேன். டப்பாவுக்குள் வைத்தேன்.

ஓவர்சியர் மாதாமாதம் வந்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. ஆனால் தூணைத் தட்டினால் கேட்கிற ஓசை முன்பு மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லாரிகளை நிறுத்தச் சொல்லி எழுதினார். மேலதிகாரிகள் அவருடைய கண்ணாடியையே அவருக்கு எதிரான சாட்சியாகத் திருப்பினார்கள். 'கண்ணாடி ஓவர்சியர்' என்று பெயர் வைத்தார்கள். அது எங்கள் கடைவரிசை வரைக்கும் வந்து சேர்ந்தது. பக்கத்துக்கடை பேக்கரிக்காரர் ஒருநாள் டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க ஓவர்சியர், பாலம் ஆடுது ஆடுதுன்னு மூணு வருசமாச் சொல்றீங்க. எங்க பன்னுத் தட்டு ஒருநாளாச்சும் ஆடுச்சுங்களா?"

"ஆடாத வரைக்கும் வித்துக்குங்க" என்று சொல்லிச் சிரித்தார் ஓவர்சியர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கடைசி முறையாக வந்தார். சுத்தியல் கொண்டுவரவில்லை. படியில் உட்கார்ந்து தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எம்பட காதுதானுங்க தப்பு. கண்ணாடி பொய் சொல்லாதுங்க."

ஒரு மனிதர் முப்பது வருஷம் நம்பிய தன் காதைக் கழற்றி என் படியில் வைத்துவிட்டுப் போனார். உடனே டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். டி.வி.எஸ். ஐம்பது பாலத்தைத் தாண்டுவதற்கு ஒரு நிமிஷமாவது ஆகியிருக்கும். நான் நின்றேன்.

அதன் பிறகு தூணைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. கடைசியாக நான் ஒட்டிய பட்டை எந்த வெள்ளத்திலோ போய்விட்டது. போன வருஷம் அன்னூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பா படத்துக்குக் கண்ணாடி போட வேண்டும் என்றாள். பாலத்தடி படக்கடையில்தான் போடோணும்னு அப்பா சொல்லியிருந்தாருங்க என்றாள். உறையைப் பிரித்தேன். ஓவர்சியர். இருக்கிறதிலேயே நல்ல கண்ணாடியாகப் பார்த்து எடுத்தேன். வைரம் வழுக்கி இரண்டு தடவை தப்பாக வெட்டினேன். அவர் முகத்தின் மேல் கடைசியாகக் கண்ணாடி வைத்ததும் என் கைதான்.

இந்த ஆடியில் பாலத்தின் நடுத்தளம் நாலு விரல் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தடுப்பு வைத்து மூடிவிட்டார்கள். பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டு, கடைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எடுப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. பொறியாளர் ஒரு இளம்பெண். பழைய பதிவேட்டைத் திறந்து நிதானமாக விளக்கினார். முதல் தூணில் விரிசல் உண்டு. ஆனால் அது அசைந்ததே இல்லை என்று மாதாமாதம் பதிவாகியிருக்கிறது. ஆகவே தூண் உறுதி, மேல்தளத்தை மட்டும் மாற்றினால் போதும், கடைகளை எடுக்க வேண்டியதில்லை. எங்கள் வரிசைக்காரர்கள் கைதட்டினார்கள். அவர் பக்கத்தைத் திருப்பி ஓவர்சியர் எழுதியிருந்த ஒரு வரியைப் படித்தார்.

"தினமும் பார்ப்பவர், படக்கடைக்காரர். நம்பிக்கையானவர்."

எழுந்து நின்றேன். எதற்கென்று பேக்கரிக்காரருக்கு எப்படித் தெரிந்ததோ, சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்கண்ணா. உங்க கடையும் சேந்துதான் போகும்."

டப்பாவைப் பொறியாளரின் மேசையில் வைத்துத் திறந்தேன். சொல்ல அதிகம் இல்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து முதுகில் இருந்த சீட்டைப் படித்து மூன்று தேதிகளையும் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடிவு இன்றைக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பதிவேட்டை மூடினார். வெளியே வந்தபோது எங்கள் வரிசையில் ஒருவரும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் பொறியாளர் புதுக் கண்ணாடிப் பட்டைகளோடு வந்தார். பட்டைகளை வெளியே எங்கோ வெட்டி வாங்கியிருந்தார். என் கடை வழியாகத்தான் படியிறங்க வேண்டும், வழிவிட்டேன். தூணில் தானே ஒட்டினார், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் ஒரு ஆள் வந்து படம் எடுத்து அனுப்புவார் என்றார். போகும்போது வாரேனுங்க என்றார். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை.

ஆனாலும் தினமும் விடிந்ததும் பதினோரு படியும் இறங்கினேன். இன்று காலை அந்த ஆள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது. தலைமயிர் அகலம். சிமெண்டோ சேறோ என் கையில் இல்லை. பொறியாளரை ஃபோனில் கூப்பிட்டு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருவர் என்னிடம் கேட்டிருந்த அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

"ஏனுங்க, உடைஞ்சிருச்சுங்க."

சரிங்க, என்றார். மேலே வண்டி ஓடாத பாலம். கீழே ஆறு மட்டும் தூணை உரசிக்கொண்டு போனது. குனிந்து காதைக் கல்லோடு ஒட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் துண்டு அங்கேயே இருக்கிறது. நான் பெயர்க்கவில்லை.