காந்தத்தில் ஒட்டிய ராஜா தலை

அப்பாவின் தங்கையைப் பனவடலிசத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த அத்தை வாயும் வயிறுமாகச் சங்கரன்கோவிலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது பாம்புகளையும் கூடவே கூட்டிவந்தாள். கண்ணை மூடினால் போதும், கனவில் ஒன்று வந்து காலைச் சுற்றிவிடும். அதனால் அவள் தூங்குவதே இல்லை. வாசலுக்கும் புறவாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். எனக்கோ பிறவியிலேயே ஓரிடத்தில் உட்கார வராது. நாங்கள் இரண்டு பேரும் நடக்கிற நடையைப் பார்த்து அம்மாவுக்குத் தலை சுற்றும்.

அத்தைக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும் என்று கோமதி அம்மனுக்கு வெள்ளியில் ஒரு நாகம் செய்து போடுவதாக நேர்ந்துகொண்டாள். பாம்புப் பயத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். கோயில் வாசல் கடைகளில் தகட்டில் அடித்த பாம்பும் தேளும் குவித்து வைத்திருப்பார்கள். ஒன்றை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். அத்தைக்கு அது போதவில்லை. பிறந்த வீட்டு வெள்ளியை உருக்கிச் செய்தால்தான் பிள்ளை தங்கும் என்று தானாகவே ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டாள். பயந்தவர்களுக்குச் சுலபமான வழி எதுவும் பிடிக்காது.

அப்பா அசரவில்லை. வீட்டில்தான் ராஜா தலை ரூபாய்கள் இருந்தனவே. உலகப் போர் முடிந்த சமயத்தில் தாத்தா மிளகாய் வத்தல் விற்ற பணத்தை நோட்டாக வாங்க மாட்டேன் என்று கமிஷன் கடையில் மல்லுக்கு நின்று, காசாகவே வாங்கித் துணியில் முடிந்து வைத்துவிட்டுப் போனவை அவை. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் புலி. ராஜா தலை போட்ட ரூபாய் என்றால் வெள்ளி என்பதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

"சாயங்காலம் ஆசாரிட்ட குடுத்திருதேன். நீ போயி செத்த படு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, முடிச்சை அவிழ்த்துக் கட்டிலில் கொட்டினார் அப்பா. அத்தை படுக்கவில்லை. புறவாசலில் நடக்கப் போனாள்.

அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. அங்கே கிடந்த ஒரு சைக்கிள் டைனமோவின் காந்தம் அப்போது என் கையை விட்டு இறங்காது. கதவுத் தாழ்ப்பாள், கத்தரிக்கோல், அம்மாவின் சேலை ஊக்கு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆசைக் கொதியில் ரூபாய்கள் பக்கமும் கொண்டுபோனேன். டக்கென்று ஒரு ராஜா துள்ளிவந்து ஒட்டிக்கொண்டார்.

"எப்பா, அம்மன் இழுக்கா" என்றேன். காசுக்குள் சக்தி இருக்கிறது, அதுதான் துள்ளுகிறது என்று எனக்குத் தோன்றியது.

அப்பா காந்தத்தைப் பிடுங்கினார். ஒவ்வொரு ரூபாயாக வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒட்டின. நான் சந்தோஷத்தில் குதித்தேன். அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தைட்ட மூச்சு விடப்பிடாது, கேட்டியாட்டி?"

வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் காசுகளின் கதையைப் பெரியவளான பிறகு நான் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். போர்க்காலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். செம்பை மிச்சம் பிடிக்கக் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டார்கள். நிக்கல் போருக்குப் போனதால் ஓரணா மஞ்சளாகிப் பித்தளை நிறத்துக்கு வந்தது. போர் முடிந்தும் வெள்ளி திரும்பவில்லை. ரூபாயை முழு நிக்கலிலேயே அடித்துவிட்டார்கள். ராஜா மட்டும் அதே மிடுக்கோடு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தை நம்பாத தாத்தா அந்த முகத்தை நம்பிவிட்டார், பாவம்.

அப்பா சாயங்காலம் ஆசாரியிடம் போனார். வெள்ளிக்கிழமைக்குள் நாகம் வந்துவிட்டது. விரல் நீளம்தான் இருக்கும், படமெடுத்து நின்றது. அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கோ காசு துள்ளிய அதிசயத்தைச் சொல்ல முடியாமல் வயிறு ஊதிக்கொண்டிருந்தது. காந்தத்தை மறுபடி எடுத்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு அப்பாவோடும் அத்தையோடும் கோயிலுக்குக் கிளம்பினேன்.

வரிசையில் நின்றபோது நாகத்தைக் கொஞ்ச நேரம் கையில் தரச் சொல்லி அத்தையிடம் கெஞ்சி வாங்கினேன். ஒளித்துவைத்து, காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். ஒட்டவில்லை. படத்தில் வைத்தேன், வாலில் வைத்தேன். ம்ஹூம். ஆசாரி உருக்கியதில் சக்தி வெளியேறிவிட்டது, இதைப் போட்டால் அத்தையின் பிள்ளை செத்துப்போகும் என்று அழுகையே வந்துவிட்டது.

"அத்தை, இதப் போடாத. இதுல சத்தி போயிட்டு. ரூவா எல்லாம் காந்தத்துல ஒட்டுச்சு, இது ஒட்ட மாட்டேங்கு."

அத்தைக்குக் காந்தத்தைப் பற்றி என்ன தெரியுமோ, அண்ணனின் முகத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சட்டையைக் கழற்றிவிட்டு நின்ற அவர் இடுப்பில், வேட்டிக்கு மேலே புதுக் கறுப்புக் கயிறு தெரிந்தது. சிறுவயதில் அவருடைய அம்மா போட்டுவிட்டு, அவர் வளர வளரக் கண்ணி சேர்த்து நீட்டிக்கொண்டு வந்த வெள்ளி அரைஞாணைக் காணோம்.

"ஏண்ணே, அம்மா போட்டதுல்லா அது?"

"பொறந்த வீட்டு வெள்ளிதான. போடு."

அத்தை என் கையிலிருந்து நாகத்தை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டாள். வெகு நேரம் அழுதாள். பிறகு கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை எடுத்து என் நெற்றியில் அப்பிவிட்டாள்.

பிள்ளை தங்கியது. இப்போது அவன் திருவேங்கடத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்ததும் அத்தை வெறுந்தரையில் சாய்ந்தாள், வாயைத் திறந்துகொண்டு குறட்டைவிட்டுத் தூங்கினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சக்தி இல்லாத பாம்பைப் போட்டுவிட்டு எந்தத் தைரியத்தில் இவள் தூங்குகிறாள்? இனி என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு கம்பை எடுத்துக்கொண்டு அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். விளக்கு வைக்கிற வரைக்கும் அசையாமல் காவல் இருந்தேன்.