வால்வுக்காரரும் என் மோட்டாரும்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் மீது நான் பொய்ப் புகார் எழுதினேன். தண்ணீரைத் திருடியவன் நான்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் குறுகிய தெரு எங்களுடையது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் குழாயில் தண்ணீர் வரும். அந்தக் கோடையில் நூலாகத்தான் வந்தது. குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் சின்ன மோட்டார் ஒன்றை வாங்கிப் பொருத்தி, மேலே பழைய அரிசிச் சாக்கைப் போர்த்தி வைத்தேன். என் தொட்டி அரை மணியில் நிரம்பியது. தெருக்கோடி வீட்டு அடிபம்பு காற்றைத் துப்பியது.

தெருக்காரர்கள் கூடினார்கள். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. வால்வுக்காரர் வால்வை முழுதாகத் திறப்பதில்லை, பொறுப்பில்லை என்று இரண்டு பக்கம் எழுதி மனைவியிடம் காட்டினேன்.

"லெட்டர் நன்னாத்தான் இருக்கு. நம்மாத்து மோட்டார் மட்டும் விட்டுப்போயிடுத்து" என்றாள்.

சிரித்து மழுப்பினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். குடிநீர் வாரியத்தில் வால்வுக்காரரை அசோக் நகர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் ஒப்பந்த ஆள். இன்னொரு புகார் வந்தால் வேலையே போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்களாம். புதிதாக வந்தவர் எவ்வளவு திறந்துவிட்டும் கோடி வீட்டுக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. "இவர் மேலயும் ஒண்ணு எழுதிடுங்க சார்" என்றார்கள். அன்று பேனா ஓடவில்லை.

மறுநாள் பஸ் ஏறி அசோக் நகர் போனேன். வால்வுக்காரர் ஒரு தெரு முனைக் குழியில் நீளமான இரும்புச் சாவியைத் திருகிவிட்டு, அதன் கைப்பிடியில் காதை வைத்து நின்றிருந்தார். தண்ணீர் ஓடுகிறதா என்று அவர் பார்ப்பதில்லை, கேட்பார். அருகில் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்று சிரித்தார். "வால்வ தொறந்துட்டு காத வெச்சா, உன் வூட்டு மோட்டாரு கத்திக்கினு கீறது நல்லா கேக்குமே."

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா?"

"இன்னா சார் நீ! மனு எழுதறதே நீ. உன் மேல நான் சொன்னா எவன் நம்புவான்?" பிறகு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, "எம் பொண்ணு இஸ்கூலு மயிலாப்பூர்ல கீது. அத வுட்டுட்டு இங்க வர்றதுக்குள்ள நாக்கு தள்ளுது. அதான் சார் கஷ்டம்" என்றார்.

வீடு திரும்பியதும் இரண்டாவது மனு எழுதினேன். நான்கே வரி: மோட்டார் என்னுடையது, பழியை அவர் மேல் போட்டது நான், அவரைத் திரும்ப அனுப்புங்கள். முன்பு கையெழுத்து வாங்கிய வீடுகளிலெல்லாம் மறுபடி ஏறி இறங்கினேன். கோடி வீட்டில் தையல் வேலை செய்யும் அம்மாள் படித்துப் பார்த்தார்.

"மூணு மாசமா அந்த ஆளத் திட்டிட்டிருந்தேன் அங்கிள். இப்ப யாரத் திட்டறது?"

"என்னைத்தாம்மா."

திட்டினார். மிஷினை நிறுத்தாமல் ஒரு ஜாக்கெட் தைத்து முடிக்கும் வரை திட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டு, "போன மனுவ விட இது நல்லாருக்கு. சின்னதா இருக்கு" என்றார்.

அதிகாரிகள் வந்து மோட்டாரை எடுத்துப்போனார்கள். ஒரு மாதம் என் இணைப்பையும் துண்டித்தார்கள். அந்த மாதம் முழுக்க அந்த அம்மாளின் அடிபம்பில்தான் குடம் நிரப்பினேன். "நல்லா அடிங்க அங்கிள், இதுக்கு மோட்டார் கெடையாது" என்று உள்ளிருந்தே குரல் வரும். என் மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே வாசலுக்கு வந்து நிற்பாள்.

என் இணைப்பு திரும்பி வந்த சில நாளில் வால்வுக்காரரும் வந்தார். முதல் நாள் காலை சாவியைத் திருகி, காதை வைத்து, தெருவே கேட்கக் கத்தினார்: "சார்! உன் வூட்டாண்ட சத்தமே காணோம். தண்ணி வருதா?"

"நூலாத்தாம்பா வருது!"

கோடி வீட்டை எட்டிப் பார்த்தார். அடிபம்படியில் வாளி வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப சரியாத்தான் வருது" என்றார்.