சித்தி வேன் ஓட்டிப் பழகிய டிசம்பர்

ரவாங்கில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் ஒரு படிவம் கொடுப்பார்கள். வரும் வருஷம் வேலையில் எப்படி முன்னேறப் போகிறாய், சொந்த வாழ்க்கையில் எதை மாற்றப் போகிறாய் என்று அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். எல்லோரும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரும். இதே இரண்டு கட்டங்களை எங்கள் சித்தி, ஈஜோக் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், மளிகைக்கடை காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு கிழித்து எழுதியபோது எனக்குப் பத்து வயது. அவளுக்கு யாரும் படிவம் கொடுக்கவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. ஒன்பது வருஷம் எண்ணெய்ப் பழம் காய்க்கும் செம்பனை மரத்தடியில் குந்தி உதிரிப் பழம் பொறுக்கியவள். அந்த வருஷக் கடைசியில், எங்களைக் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன்காரர் முதுகுவலி என்று வேனை விற்றார். வாங்கியவள் சித்தி. பள்ளி வேன் ஓட்ட அவள் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த விஷயம், பக்கத்தில் படுத்துத் தூங்கும் சித்தப்பாவுக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிய வந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போய், ஜனவரியிலிருந்து பழம் பொறுக்க வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

ஆனால் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகளின் வீட்டிலும் ஒரே பேச்சாக இருந்தது. பொம்பளை ஓட்டுகிற வேனா? ஒரு வாரம் பார்ப்போம். ஒரு நாள் மணியடித்த பிறகு போய்ச் சேர்ந்தாலும் பிள்ளைகளை டவுன் வேனுக்கு மாற்றிவிடுவோம். அப்படி மாற்றினால் சித்தி மறுபடியும் கிராணி முன்னால் போய் நிற்க வேண்டும். அது எனக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

அதனால்தான் அந்தத் தாள். இடது பக்கம் 'வேனுக்கு' என்று தலைப்பு. டயர், பிரேக், கிழிந்த சீட்டைத் தைப்பது, மருந்துப் பெட்டி, பிள்ளைகளின் பெயரெல்லாம் மனப்பாடம். வலது பக்கம் 'எனக்கு'. கோபத்தைக் குறைக்கணும். ஷூ போட்டு நடக்கப் பழகணும். தேத்தண்ணிக்குச் சீனி ஒரு கரண்டிதான். ஹெட்மாஸ்டர்கிட்ட தலை குனியாம பேசணும். ரிவர்ஸ் பழகணும். தாளை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். தாளிக்கும்போதெல்லாம் அதில் எண்ணெய் தெறிக்கும்.

அம்மாவால் அதைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

"லோரி பின்னாடி ஓடினவ, இப்ப வேனே ஓட்டப் போறா லா," என்று சிரித்தாள்.

அது எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லப்படும் கதை. ஆறாம் வகுப்பு முடித்து டவுன் இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டிய முதல் நாள், சித்தி ஜடை பின்னித் தாமதமாக வந்திருக்கிறாள். பிள்ளைகளை ஏற்றிப்போகும் தோட்டத்து லோரி கிளம்பிவிட்டது. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே பழம் நிறுக்கும் கொட்டகை வரைக்கும் ஓடினாளாம். லோரிக்காரர் திரும்பியே பார்க்கவில்லையாம். ரோஷத்தில் மறுநாளும் போகவில்லை, அதோடு படிப்புக்கு முழுக்கு. அவள் ஓடிய ஓட்டத்தை அம்மா நடித்துக் காட்டுவாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சித்தியும்தான் சிரிப்பாள்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒத்திகை ஆரம்பமானது. விடியற்காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பி வேனில் ஏற்றினாள்.

"பாப்பா, நீதான் இன்னிக்கு மிச்ச பதினோரு புள்ளையும். ஒவ்வொரு வீட்டுலயும் எறங்கி ஏறு. அழுவுற புள்ள மாதிரி அழுவு, தண்ணி போத்தல மறந்த புள்ள மாதிரி திரும்பி ஓடு."

எனக்குக் கசக்குமா? ஒரு வீட்டு வாசலில் புரண்டு அழுதேன், இன்னொரு வீட்டில் ஷூவைத் தொலைத்தேன். சித்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து வீட்டுக்கு வீடு நிமிஷத்தைக் குறித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஹாரனையும் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டு, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டு முன்னால் நீளமாக ஒரு தட்டு தட்டினாள். உள்ளே பாத்திரம் விழுந்தது, விளக்கு எரிந்தது. மண்டோர் சம்சாரம் இரண்டு பையன்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். சின்னவன் காதில் சோப்பு நுரை. பெரியவன் பள்ளிச் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான்.

"இன்னிக்கா ஸ்கூல் தொறக்குறாங்க?"

"இல்லக்கா. பழகிப் பாக்குறேன்."

அந்த அம்மாள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பொழுது சாய்வதற்குள் தோட்டமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சித்தி மட்டும் நிதானமாகத் தாளில் எழுதினாள்: மண்டோர் வீடு, ஹாரன் அடித்தால் நாலே நிமிஷத்தில் ரெடி.

எனக்குப் பிடிக்காத ஒன்று இந்த ஒத்திகையில் உண்டென்றால் அது ரிவர்ஸ்தான். எல்லா வீடும் முடிந்து பெரிய ரோடு வந்ததும், பழம் நிறுக்கும் கொட்டகை வரைக்கும் அத்தனை தூரமும் பின்னாலேயே ஓட்டுவாள். இரண்டு பக்கமும் கால்வாய். நான் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

"வேன் முன்னாடிதானே போவும் சித்தி?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு அந்தப் பக்கக் கண்ணாடியப் பாரு."

பள்ளி திறந்த அன்று அவள் புது ஷூ போட்டு, தலைவாரிப் பூ வைத்து, சாமி படத்துக்கு முன் நின்றதைவிட வேனுக்கு முன்தான் அதிக நேரம் நின்றாள். எல்லாம் ஒத்திகைப்படியே நடந்தது. கடைசி லயத்துக்குப் புதிதாக வந்திருந்த குடும்பத்துப் பெண், முதலாம் வகுப்பு, அவள் மட்டும் வரவில்லை. ஹாரன் அடித்தோம். குறித்து வைத்த நிமிஷம் தீர்ந்து, அதற்கு மேலும் இரண்டு நிமிஷம் நின்றோம். மண்டோர் வீட்டுப் பையன்கள் "போலாம், போலாம்" என்று கூவினார்கள். வேன் கிளம்பியது.

பெரிய ரோட்டை எட்டும்போது பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அந்தப் பெண்தான். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"சித்தி, நேரமாச்சு. விட்டுட்டுப் போயிடலாம்," என்றேன். சொன்னது நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சித்தி கண்ணாடியைப் பார்த்தாள். கியரை மாற்றினாள். வேன் பின்னால் போனது, நூல் பிடித்த மாதிரி, ஒரு தடவைகூடக் கால்வாய்ப் பக்கம் சாயாமல். நிறுத்தி இறங்கி, அந்தப் பெண்ணைத் தூக்கி முன்சீட்டில் என் பக்கத்தில் வைத்தாள். பள்ளி வாசலில் நாங்கள் இறங்கவும் மணியடிக்கவும் சரியாக இருந்தது. வாசலில் நின்ற ஹெட்மாஸ்டரிடம் சித்தி நிமிர்ந்து, "வணக்கம் சார், பன்னெண்டு பேரும் வந்தாச்சு," என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓய்வு நேரம் முடிவதற்குள் கேண்டீன்காரி வரைக்கும், "அது எங்க சித்தி," என்று சொல்லி முடித்துவிட்டேன்.

அந்த வாரம் ஒரு நாளும் பிந்தவில்லை. சனிக்கிழமை மண்டோர் சம்சாரமே வீடு தேடி வந்து, தன் தங்கை பிள்ளைகளுக்கும் வேனில் இடம் இருக்குமா என்று கேட்டாள். சித்தி குரலை உயர்த்தாமல் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். கோபத்தையும் குறைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் சிவப்புப் பேனாவோடு சித்தியின் தாளைத் திருத்த உட்கார்ந்தேன். வகுப்பில் முதல் மாணவி என்ற திமிர் எனக்கு உண்டு. டயர், சரி. ஷூ, சரி. ஹெட்மாஸ்டர், சரி. 'ரிவர்ஸ்' மட்டும் தவறான பக்கத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு, 'வேனுக்கு' பக்கம் எழுதி, பத்துக்கு ஒன்பது போட்டேன்.

சித்தி பார்த்தாள். பென்சிலை எடுத்து, 'எனக்கு' என்ற தலைப்பின் கீழே மறுபடியும் எழுதினாள். ரிவர்ஸ்.

"சித்தி, அது வேனோட வேலை. உங்களுக்கு எதுக்கு?"

"ஆமா லா, டீச்சருக்குத்தான் எல்லாம் தெரியும்," என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கலக்கப் போனாள்.

எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் விளங்காதவள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு மார்க்கை நான் அவளுக்குத் தரவேயில்லை.