மார்கழி மழையில் பொங்கிய அசனம்

எங்கள் பக்கத்து மார்கழிக் குளிரைக் குளிர் என்று சொன்னால் மலைநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். விடியற்கால ஜெபத்துக்குப் போகும்போது முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டால் போதும், கம்பளி என்று ஒன்று என் வீட்டில் கிடையாது. மழைக்கும் குறைவில்லை. ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று வருஷத்தில் இருமுறை கர்த்தர் எங்களுக்குத் தருகிறார். தென்னையையும் ரப்பரையும் சாய்த்த அந்தப் பெரும்புயல்கூடக் கார்த்திகையில்தான் வந்தது. மார்கழி பிறந்தால் வானம் தெளிந்துவிடும்.

அந்த நம்பிக்கையில்தான் புதுக்கடைப் பக்கத்து எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அசனம் வைப்பது. வீட்டுக்கு வீடு அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து, சபைக் கோயில் முற்றத்தில் பொங்கி, எல்லாரும் ஒரே பந்தியில் உண்போம்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த நம்பிக்கை பொய்த்தது. சனிக்கிழமை காலையில் பிடித்த மழை ஞாயிறு விடிந்தும் விடவில்லை. "சவம், மாசம் தெரியாத மழையாட்டுல்லா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். குளத்துக் கரை உடைந்து, தாழ்ந்த தெருவில் இடுப்பளவு தண்ணீர். அங்கிருந்த எல்லா மதத்தாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் வந்து ஏறினார்கள். அசனத்துக்குச் சேர்த்த அரிசியை அவர்களுக்காக அடுப்பில் ஏற்றினோம். நான்கு ஆண்கள் தார்ப்பாயை அடுப்புக்கு மேலே விரித்துப் பிடித்து, கை கடுக்க நின்றார்கள்.

சோறு வெந்தது. தட்டில் விளம்பத்தான் வழியில்லை. சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் ஜெபிக்காமல் அசனச் சோற்றில் அகப்பை வைக்கக் கூடாது. அவரோ ஆற்றுக்கு அக்கரையில், பாலம் தண்ணீருக்குள். போனும் எடுக்கவில்லை.

"வழக்கத்த மாத்தப்பிடாது. ஐயரு வரட்டும்" என்றார் சபை மூப்பர்.

"ஐயரு என்ன வள்ளத்துலயா வருவாரு? பிள்ளியளுக்குப் பசிக்குல்லா?" என்றேன். "நீரு ஜெபியும்."

"எனக்குத் தொண்ட கெட்டிக் கெடக்கு."

"சண்டைக்கு மட்டும் கெட்டல்லியோ?"

மற்ற ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். தார்ப்பாயைப் பிடித்தபடியே என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஏட்டி, வீட்டுல அரமணிக்கூர் ஜெபிச்சு சோத்த ஆறப்போடுவியே. இங்க வாயி அடச்சுப்போச்சா?"

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். சபை நடுவே வாய் திறந்து ஜெபித்ததே இல்லை. பெண்கள் ஜெபிக்கும் வழக்கமும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் தட்டோடு நின்ற குழந்தைகளைப் பார்த்தேன். கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இது உமக்க சோறு. இவங்க பசிச்சு வந்திருக்காங்க. ஆமென்."

"அவ்வளவுதானா?" என்றார் மூப்பர். ஆனாலும் மூடியைத் தூக்கியது அவர்தான்.

நெற்றிப்பொட்டு கரைந்து வழிந்த ஒருத்தி கைக்குழந்தையோடு தயங்கி நின்றாள். "அக்கா, எங்களுக்கும் உண்டுமா?"

"ஒங்களுக்குத்தான் மக்கா."

அன்று சபையார் ஒருவரும் முதலில் உட்காரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் உண்டு எழுந்த பிறகுதான் நாங்கள் இலை போட்டோம். எங்கள் சபையை நினைத்து அப்போது எனக்கு வந்த பெருமையைக் கர்த்தர் பொறுத்துக்கொள்ளட்டும். கடைசிப் பந்தியில் மூப்பர் என்னிடம், "சாம்பாருக்கு உப்பு கொறவு" என்றார். சொல்லிவிட்டு, இன்னும் ஒரு அகப்பை கேட்டு வாங்கினார்.