சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது

ஆறு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. தேதி குறித்தாலே பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்துவிடுகிறது என்பாள் அம்மா. தேதி குறிக்காத நாட்களிலும் அது வந்துகொண்டுதான் இருந்தது.

உத்திரமேரூர் டாக்டர் எதெல்லாம் ஆகாது என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். அடுப்புப் புகை, கொசுவத்தி, நெல் தூசி, சளிக் காய்ச்சல், பனிக்காற்று. ரொம்ப அழுதாலும், விழுந்து விழுந்து சிரித்தாலும்கூடச் சில பிள்ளைகளுக்கு இழுக்கும் என்றார். விறகடுப்பை எங்கள் வீட்டில் யாராலும் நிறுத்த முடியாது. கொசுவத்தி இல்லாமல் அப்பாவுக்குத் தூக்கம் வராது. அறுவடை நேரத்தில் நெல் தூசியைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது? கடைசியில், அடக்கி வைக்கத் தோதாக அகப்பட்டவர் மாமா ஒருவர்தான்.

அம்மாவின் தம்பியான அவர் செங்கல்பட்டு பஸ்ஸில் கண்டக்டர். அவர் வந்தால் பஸ்ஸில் ஏறிய சனமெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். லக்கேஜ் டிக்கெட்டுக்குப் பயந்து கோழியைப் பைக்குள் ஒளித்த பெரியவர் அவரே. பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கோழியும் அவரே. நான் தரையில் உருண்டு சிரிப்பேன். ஒருநாள் அப்படிச் சிரித்ததில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த முறை மாமா வந்தபோது அம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

“தம்பி, நீ எப்ப வேணா வா, நாஷ்டா துன்னுட்டு போ. புள்ளய மட்டும் சிரிக்க வெக்காத.”

அதன்பின் மாமா தாலுக்கா ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்தவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். பாப்பா சாப்பிட்டாளா, மருந்து குடித்தாளா என்று அம்மாவிடம் மட்டும் கேட்டார். அவர் முன்னால் பையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். தள்ளி வைத்துவிட்டார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். யோசித்து யோசித்து, எப்போதோ அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒளித்த விசிலைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கும் அவர் சிரிக்கவில்லை.

ஒருவழியாக அம்மன் கோயிலில் மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் என்னை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் அழுதாலும் வம்பு, சிரித்தாலும் வம்பு. மாமா என் காதருகே குனிந்து, செங்கல்பட்டு வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிங்காக, எத்தனை மணிக்கு எந்த ஊர் என்று ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தார். வாய்ப்பாடு கேட்கிற மாதிரி அலுப்பாக இருந்தது. அவருடைய உள்ளங்கை என் நெஞ்சின்மேலேயே இருந்தது. நழுவி விழாமல் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பஸ் செங்கல்பட்டு போய்ச் சேருவதற்குள் இரண்டு காதும் குத்தி முடிந்தது. இழுப்பு வரவில்லை.

மடியிலிருந்து இறங்கியதும், கூடியிருந்த எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“எனக்கு இந்த மாமா வேணாம். அந்த மாமாவ கூட்டிக்கினு வாங்க.”

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாமா டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, பந்தியில்கூட உட்காராமல் போய்விட்டார்.

இப்போது நான் தவறாமல் இன்ஹேலர் எடுக்கிறேன். எவ்வளவு சிரித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. அவர்தான் என் எதிரில் இன்னும் அளந்து பேசுகிறார். ஒரே ஒரு முறை அவர் என்னைச் சிரிக்க வைத்துவிட மாட்டாரா என்று மனசு ஏங்குகிறது. நான் கேட்ட அந்த மாமாதான் அன்றைக்கும் தன்னை அடக்கிக்கொண்டு, என் மூச்சைக் கையால் பார்த்தபடி என்னை மடியில் வைத்திருந்தார் என்பது ஆறு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?