காற்புள்ளி போடாத அம்மா

அம்மா ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம் வரும், மூடினால் பழைய காகித நாற்றம். மேசைக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார், வேலை செய்பவர் அதில் பாதி என்பாள் அம்மா. அந்தப் பாதியில் தலைமைப் பதிப்பாசிரியரைச் சேர்க்க மாட்டாள்.

அவருக்கு அவள் வைத்த பெயர் காற்புள்ளி. எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயரே கிடையாது. எந்த ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தாலும் அவர் செய்வது ஒன்றுதான்: வாய்க்கு வந்த தமிழ்ச் சொற்களைக் கொட்டி, நடுநடுவே காற்புள்ளி போடுவார். படிப்பவன் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தப்பாக எடுத்தால் அது அவன் தலையெழுத்து.

"தெரியலன்னு ஒத்துக்க வெக்கம். அதான் கமா போடறான்," என்பாள்.

அவள் முறை வேறு. ஒரு பொருளுக்கு ஒரு சொல், அதற்கு ஒரு வாக்கியம். அந்தச் சொல்லை அந்த வேலை செய்கிறவர் வாயிலிருந்து காதால் கேட்டிருக்க வேண்டும். இதனால் வேலை ஆமை வேகத்தில் நடந்தது. மற்றவர்கள் மூன்றாம் எழுத்துக்குப் போன பிறகும் அம்மா முதல் எழுத்திலேயே இருந்தாள். அடுப்பில் வைத்தது தீயும். அவள் தொலைபேசியில் யாரோ ஒரு பிளம்பரிடம் ஒரு வினைச்சொல்லுக்காக மன்றாடிக்கொண்டிருப்பாள்.

ஆல்டர் என்ற சொல்லில் சண்டை முற்றியது. மாற்றுவது என்று பொருள். அவ்வளவுதானே என்றார் காற்புள்ளி. அம்மா என் பேன்ட்டைச் சாக்காக எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனாள். நானும் கூட இருந்தேன்.

"இத என்ன செய்யணும்மா?"

"நீங்களே சொல்லுங்க."

"இடுப்ப பிடிக்கணும். கீழ பிரிச்சு விடணும்."

"மாத்தணும்னு சொல்ல மாட்டீங்களா?"

"மாத்தணும்னா வாங்கின கடைக்குப் போங்க. என்கிட்ட எதுக்கு வரீங்க?"

அம்மா வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். பிறகு பத்திரம் எழுதுபவரிடம் போனாள். எழுதி முடித்த பத்திரத்தில் ஒருவன் எதையாவது அழித்து வேறு எழுதினால் அவர் "கை வெச்சுட்டான்" என்பார். அதுவும் ஆல்டர்தான். இனம் பெருகாதபடி ஆண் விலங்குக்கு அறுவை செய்வதற்கும் சில நாடுகளில் அதே ஆங்கிலச் சொல். மாட்டு டாக்டர் அதைக் காயடித்தல் என்றார். எல்லாம் வாக்கியங்களோடு பதிவில் ஏறின.

காற்புள்ளி அவளைக் கூப்பிட்டார்.

"காயடித்தல்னு போடறதா? பள்ளிக்கூடப் பிள்ளைங்க புரட்டற புத்தகம்மா இது."

"அவங்க மொதல்ல தேடறதே அதத்தான் சார்."

அலுவலகமே சிரித்ததாம், அவரைத் தவிர.

நான் அளவுக் கருவிகளைச் சோதிப்பவன். இரண்டு அளவு சமம் என்று நான் வெறுமனே எழுத முடியாது, எத்தனை பிழைக்குள் சமம் என்றும் எழுத வேண்டும். எல்லை தாண்டிய கருவிக்குச் சிவப்பு ஸ்டிக்கர்: 'பயன்படுத்தக் கூடாது'. யாரும் ரகசியமாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதற்கு அப்படி ஒரு பசை. உரித்தால் அடியில் இருக்கும் பெயின்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். அதில் ஒரு சுருள் எப்போதும் என் பையில் கிடக்கும். அகராதிக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்பாள் அம்மா.

அவள் நுரையீரல் கெட்டுப் படுத்தபோது காற்புள்ளி ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஒரு பை ஆரஞ்சோடு.

"ஆல்டர நான் எழுதினபடி போட்டா என் பேர் இருக்கட்டும். ஒரு கமா சேர்த்தாலும் பேர எடுத்துடுங்க," என்றாள் அம்மா. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"ஒரு எழுத்து மாறாதும்மா. நிம்மதியா இருங்க."

அவர் படி இறங்கியதும் என்னைப் பார்த்தாள். "இவன் வார்த்தைய நம்பறதுக்கு, இந்த ஆரஞ்சப் பிழிஞ்சா பெட்ரோல் வரும்னு நம்பலாம். நீ பாத்துக்கோ."

அந்த வாரமே போய்விட்டாள். ஆரஞ்சு தீரவில்லை.

அகராதி அச்சாகி வந்ததும் அப்பாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். முதல் பிரதியைக் காற்புள்ளி அப்பாவின் கையில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஈரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் அந்த ஒரு சொல் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். விரலை வைத்துப் படித்தார்.

"மாற்று, திருத்து, வேறுபடுத்து, உருமாற்று, மாறுதல் செய்." நிமிர்ந்தார். "வெறும் கமாவா இருக்கே. எங்க டெய்லர்?"

"இடம் பத்தலைங்க. பக்கக் கணக்குன்னு ஒண்ணு இருக்கில்ல? சுருக்கிட்டோம். பொருள் ஒண்ணுதானே."

நான் புத்தகத்தை வாங்கி நன்றிப் பக்கத்தைத் திறந்தேன். அம்மாவின் பெயர்தான் முதலில் இருந்தது, தடித்த எழுத்தில். முன்னால் 'அமரர்' வேறு. செத்தவள் வந்து கேட்க மாட்டாள் என்ற தைரியம். பையிலிருந்து சுருளை எடுத்து ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து அந்தப் பெயர் மேல் ஒட்டினேன். தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன்.

"என்ன தம்பி இது? உங்கம்மாவுக்குப் பெருமைன்னுதான் போட்டோம்."

"அவங்க உங்ககிட்ட கேட்டது வேற."

"பெருமைய நீங்களே வெச்சுக்குங்க சார்," என்றார் அப்பா.

காற்புள்ளி நகத்தால் சுரண்டினார். ஸ்டிக்கர் வந்தது, காகிதத்தோடு. பெயர் இருந்த இடத்தில் ஓட்டை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஓட்டைக்கு என்ன சொல் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து சொல்லியிருப்பார்.

படியில் இறங்கும்போது அப்பா கேட்டார். "மிச்சப் புத்தகமெல்லாம் எங்க வெச்சிருக்கான்?"

"கீழ, டயர்க் கடைக்குப் பின்னாடி. கடைக்காரர்தான் சாவி வெச்சிருக்கார்."

"உங்கம்மா அந்த ஆள விட்டு வெச்சிருப்பாளா?"

விட்டு வைக்கவில்லை. டயரில் காற்று இறங்குவதற்கு எத்தனை சொல் என்று அந்தக் கடைக்காரரிடம் ஒரு மதியம் முழுக்கக் கேட்டவள் அம்மா. எங்களைப் பார்த்ததும் அவர் ஒன்றும் கேட்காமல் ஷட்டரைத் தூக்கினார். பாதிப் புத்தகங்களில் அம்மா பெயர் மேல் ஒட்டி முடிப்பதற்குள் சுருள் தீர்ந்தது. அப்பா அங்கேயே உட்கார்ந்துகொண்டார், நான் அடுத்த சுருள் எடுத்துவரப் போனேன்.