மருமகள் காருக்கு நான் ஊற்றிய தண்ணீர்

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. வளர்த்து ஆளாக்கினது நாலு பேர். மூன்று நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் போனபிறகு இடுப்பில் தூக்கி வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் தப்பு இருக்கும், சொல்கிற விஷயத்தில் இருக்காது.

இப்போது நியூஜெர்சியில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். மகன், மருமகள், ஒரு பேத்தி. மகனுக்கு வீட்டிலிருந்தே வேலை, வாரத்தில் இரண்டு நாள்தான் ஆபீஸ். மருமகள்தான் தினமும் காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பி, ஹைவேயில் முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு மருந்துக் கம்பெனி லேபுக்குப் போவாள். ஆளுக்கு ஒரு கார்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மகன் கார்களைக் குளிருக்குத் தயார் பண்ணினான். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாமக்கல்லில் என் வீட்டுக்காரர் இரண்டு லாரி வைத்திருந்தார். லோடு கிளம்பும் முன்னால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. டிரைவர் மறந்தாலும் நான் மறந்ததில்லை. வண்டி விஷயத்தில் எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டாம் என்று ஒரு நினைப்பு அப்போதிருந்தே உண்டு.

மகன் டயருக்குக் காற்று அடித்தான். வைப்பர் ரப்பரை மாற்றினான். டிக்கியில் கம்பளி, சின்ன மண்வெட்டி, பனி சுரண்டுகிற பிரஷ் எல்லாம் வைத்தான். கடைசியில் ஒரு மூட்டையைத் தூக்கி வந்தான்.

"இதென்னடா?"

"பூனை வெளிக்கிருக்கப் போடற மண்ணும்மா. பனியில டயரு வழுக்குச்சுன்னா அடியில கொட்டிக்கலாம்."

"பூனையே இல்லாத ஊட்ல பூனைக்கு மண்ணு. நல்லா இருக்குதுடா உங்க ஊரு."

அவன் சிரித்தான். அப்புறம் கண்ணாடி கழுவுகிற டேங்கில் ஒரு நீலத் தண்ணீரை ஊற்றினான். சோப்புத் தண்ணீர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனையும் அவன் காருக்கு. மருமகள் காரில் கை வைக்கும்போது ஆபீஸ் போன் வந்துவிட்டது. "மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று உள்ளே போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது மருமகள் சொன்னாள். "ஏங்க, என் காருல கண்ணாடி கழுவற தண்ணி தீந்துருச்சு. லைட்டு எரியுது."

மகன் லேப்டாப்பைப் பார்த்தபடியே "ம்" என்றான்.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்து குளிக்கப் போன நேரம், நான் பானெட்டைத் திறந்தேன். கண்ணாடிப் படம் போட்ட மூடி எது என்று அன்றைக்கே பார்த்து வைத்திருந்தேன். சமையலறை ஜக்கில் குழாய்த் தண்ணீர் பிடித்து, இரண்டு தடவை நடந்து, டேங்க் நிறைய ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. செய்த வேலையைச் சொல்லிக் காட்டும் பழக்கம் எனக்குக் கிடையாது. லைட் அணைந்துவிட்டது. புருஷன் ஊற்றியிருக்கிறான் என்று அவளும், அவளே ஊற்றிக்கொண்டாள் என்று அவனும் இருந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் நல்ல குளிர் இறங்கியது. ரோடெல்லாம் உப்பைக் கொட்டியிருந்தார்கள். அன்றைக்கு மருமகள் வேலையிலிருந்து வந்தபோது அவள் விரலெல்லாம் சிவந்து கிடந்தது. முன்னால் போன லாரி உப்புச் சேற்றை வாரி அடித்ததாம். வைப்பரைப் போட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பூச்சு. பட்டனை அமுக்க அமுக்கத் தண்ணீர் வரவில்லை. எதிரே ஒன்றும் தெரியாமல், பக்கத்து ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, எப்படியோ ரோட்டோரம் நிறுத்தியிருக்கிறாள். பனியை வெறும் கையில் அள்ளித் தேய்த்துத் துடைத்திருக்கிறாள்.

மகன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "டேங்கு பூரா ஐஸு. மோட்டாரும் போச்சு. குளுருல உறையாத நீலத்தண்ணிய உட்டுட்டு யாரு பச்சத்தண்ணிய ஊத்துனது? நீ கெமிஸ்ட்ரி படிச்சவதான?"

மருமகள் கராஜுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் என் ஜக். நான் அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஜக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"நாந்தாங்க. அவசரத்துல ஊத்திட்டேன்" என்றாள்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். லாரிக்காரன் பொண்டாட்டிக்கு இது தெரியவில்லையா என்று மகன் கேட்டுவிடுவானே என்று வாயை மூடிக்கொண்டேன். அவன் சிரித்துவிட்டு மறந்திருப்பான். எனக்குத்தான் பொறுக்காது.

நேற்று நாலைந்து குடும்பம் சாப்பிட வந்திருந்தது. மகன் எல்லார் முன்னாலும் அதை எடுத்துவிட்டான். "எங்க ஊட்டு விஞ்ஞானி பச்சத்தண்ணி ஊத்தி காரை ஐஸ் பொட்டி ஆக்கிட்டாங்க." எல்லாரும் சிரித்தார்கள். மருமகளும் கூடச் சிரித்தாள், தட்டைப் பார்த்துக்கொண்டு. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். கரண்டி கனத்தது.

எல்லாரும் போனபிறகு அவளிடம், "எதுக்கு அம்மணி உன் தலையில போட்டுக்கிட்ட?" என்று கேட்டேன்.

"உடுங்க அத்தை. எனக்கு நல்லது பண்ணத்தான ஊத்துனீங்க" என்றாள்.

நல்லதுக்குத்தான். ஆனால் அந்த ரோட்டோரத்தில் பின்னால் வந்தவன் பிரேக் பிடிக்காமல் போயிருந்தால், நல்லதுக்கு என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? பாடு பட்டதும் அவள், பேச்சு வாங்கினதும் அவள்.

வாயால் சொல்ல வராது எனக்கு. அதனால்தான் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதினேன்.

பேத்தி சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தத் தாளை அவள் கையில் கொடுக்கப் போகிறேன்.

இந்தா கண்ணு, ஆத்தா என்ன எழுதியிருக்கேன்னு ஒருக்கா படி. மெதுவாவே படி, ஆனா சத்தமாப் படி. உங்கப்பனுக்குக் கேக்கோணும்.